உருகிய கந்தகம் தாதுவை மூடாமல்: அமுக்கக் கரைத்தெடுப்பில் சர்பெக்டன்ற் சேர்க்கும் முறை

கந்தகம் ஏறத்தாழ 119 பாகை செல்சியசில் உருகும். நாகச் (துத்தநாகச்) சல்பைட்டுச் செறிதாதுவை, அதாவது வேண்டாத கல்லை நீக்கிய தாதுத் தூளை, உயர் அமுக்கத்தில் அமிலத்தாலும் ஒட்சிசனாலும் கரைக்கும் ஒட்டோகிளேவ் என்ற மூடிய கலம் 150 பாகையில் ஓடும். அதாவது, தாதுவிலிருந்து பிரிந்து வரும் கந்தகம் முழுவதும் உள்ளே எண்ணெய்த் துளிகளைப் போலத் திரவமாகவே இருக்கும். அந்தத் திரவத்துக்குத் தண்ணீரை விடச் சல்பைட்டுத் துணிக்கையின் மேல்தான் பிடிப்பு அதிகம். விட்டால் துணிக்கையைச் சுற்றிப் படர்ந்து மூடிவிடும். பிறகு அமிலமும் ஒட்சிசனும் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. இந்த ஒட்டுதலைத் தடுக்கத்தான் ஒரு லீற்றருக்கு அரைக் கிராமுக்கும் குறைவான சர்பெக்டன்றை, அதாவது மேற்பரப்பில் ஒட்டி அதன் பிடிப்பை மாற்றும் பொருளைச் சேர்க்கிறோம். அளவு சிறியது. ஆனால் எப்போது, எதனோடு சேர்ப்பது என்பதில் தவறினால் முழுப் பரிசோதனையும் வீண்.

யாழ்ப்பாணம் சுண்ணக்கல் பூமி. இங்கே சல்பைட்டுத் தாது இல்லை. அண்மையில் உள்ளதென்றால் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் மக்னரைற் என்ற இரும்புத் தாதோடு கலந்து கிடக்கும் சல்கோபைரைற் என்ற செம்புத் தாது. ஆனாலும் இங்கே இரசாயனவியலும் பொறியியலும் படித்துவிட்டுக் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உலோகத் தொழிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முறை முதலில் தொழிலாகியதும் கனடாவில்தான். ஷெரிற் கோர்டன் நிறுவனம் உருவாக்கிய நாக அமுக்கக் கரைத்தெடுப்பு 1981இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ட்ரெயில் நகரில் தொடங்கியது. 1983இல் ஒன்ராறியோவின் ரிம்மின்ஸ், 1991இல் ஜேர்மனியின் டற்றல்ன், 1993இல் மனிற்றோபாவின் பிளின் பிளொன் என்று பரவியது. தாதுவை வறுத்துக் கந்தகவீரொட்சைட்டாக்காமல், கந்தகத்தைத் திண்மமாகவே பிரித்தெடுக்க முடிந்தது இதன் பெரிய பேறு. அதற்கு வழி திறந்தது இந்தச் சிறு சேர்பொருள்.

கீழே வருவது 2 லீற்றர் ஒட்டோகிளேவில் நாகச் செறிதாதுவைச் சோதிக்கும் முறை. துத்தநாகத்தை நம் பாடநூல் வழக்கப்படி நாகம் என்றே எழுதுகிறோம். செம்புத் தாதுவுக்கு விதி வேறு. அதைப் பின்னால் தனியே சொல்கிறோம்.

உள்ளே நடப்பது என்ன

நாகச் சல்பைட்டு, சல்பூரிக் அமிலம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்து நாகச் சல்பேற்று, நீர், மூலகக் கந்தகம் ஆகின்றன. ஒட்சிசன் தாதுவை நேரடியாகத் தாக்குவது மிக மெதுவாகவே நடக்கும். இடையில் நின்று வேலை செய்வது கரைந்த இரும்பு. பெரிக்கு இரும்பு (Fe³⁺) சல்பைட்டைத் தாக்கிப் பெரசு (Fe²⁺) ஆகிறது. ஒட்சிசன் பெரசைத் திரும்பப் பெரிக்கு ஆக்குகிறது. ஆகவே கரைசலில் இரும்பு கொஞ்சமாவது இருந்தே ஆகவேண்டும்.

சர்பெக்டன்ற் இந்தத் தாக்கம் எதிலும் பங்கெடுப்பதில்லை. அதன் மூலக்கூறுகள் சல்பைட்டின் மேற்பரப்பிலும் கந்தகத் துளியின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். இதனால் இரண்டு மாற்றங்கள். கந்தகத்துக்கும் கரைசலுக்கும் இடையிலான இழுவிசை குறைந்து துளிகள் சிறிதாக உடையும். தாதுவின் மேல் கந்தகத்தின் தொடுகோணம் பெருத்து, துளி படராமல் உருண்டு கழன்றுவிடும். வாழையிலையில் விழுந்த தண்ணீர் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கந்தகம் தாதுவின் மேல் அப்படித்தான் நிற்கவேண்டும்.

வெப்பநிலையின் எல்லை குறுகியது. உருகிய கந்தகம் சூடேறச் சூடேற இளகி, 157 பாகையளவில் மிக ஓட்டமாக இருக்கும். 159ஐத் தாண்டியதும் அதன் வளையங்கள் உடைந்து நீண்ட சங்கிலிகளாக இணையும். 187 பாகையளவில் பாகுநிலை பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். தார் போன்ற அந்தக் கந்தகத்தை எந்தச் சர்பெக்டன்றும் சிறு துளிகளாக உடைக்காது. ஆகவே 145 முதல் 155 வரை வைத்துக்கொள்ளுங்கள். 200 முதல் 230 பாகை வரை ஓடும் முழு ஒட்சியேற்ற முறையில் கந்தகம் எல்லாம் சல்பேற்றாகிவிடும். அங்கே சர்பெக்டன்ற் தேவையே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு 180 பாகையில் லிக்னோசல்பனேற்று என்ற சர்பெக்டன்றைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இரு முறைகளின் குறையும் சேர்ந்து கிடைக்கும்.

எதை வாங்குவது

முதல் தெரிவு சோடியம் அல்லது கல்சியம் லிக்னோசல்பனேற்று. மரக்கூழ் ஆலையின் கழிவுநீரிலிருந்து வரும் பழுப்புத் தூள் இது. கல்சிய உப்பைப் போட்டால் ஜிப்சம் படியுமே என்று தயங்குவார்கள். லீற்றருக்கு 0.2 கிராம் போடும்போது உள்ளே போகும் கல்சியம் சில மில்லிகிராம்தான், கவலை வேண்டாம்.

ஆய்வுகூடத் தரத்தில் கிடைக்காவிட்டால் கட்டடப் பொருள் கடைப் பக்கம் பாருங்கள். கொங்கிறீற்றுக்கு நீரளவைக் குறைக்கச் சேர்க்கும் திரவங்களில் ஒருவகை லிக்னோசல்பனேற்றுத்தான். ஆனால் கான் முழுவதும் அதுவே என்று நம்பிவிடக் கூடாது. தரவுத்தாளை வாங்கிப் படியுங்கள். நப்தலீன் சல்பனேற்று, பொலிகாபொக்சிலேற்று என்று இருந்தால் அது வேறு பொருள். நுரைகொல்லியும் குளுக்கோனேற்றும் கலந்திருந்தாலும் ஒப்பீட்டுப் பரிசோதனைக்கு உதவாது. சுத்தமானது என்று உறுதியானால் 5 கிராமை 105 பாகையில் நிறை மாறாத வரை காயவைத்துத் திண்ம வீதத்தைக் கண்டுபிடித்து, அந்தக் கணக்கில் அளவெடுங்கள்.

இரண்டாவது தெரிவு கெப்ராச்சோ. தென்னமெரிக்க மரமொன்றின் தனின் சாறு, தோல் பதனிடுவோர் வாங்குவது. லிக்னோசல்பனேற்றோடு சேர்த்தும் பயன்படுத்தலாம். சல்பைற்றேற்றிய வகை குளிர்ந்த நீரிலேயே கரையும். ஏற்றாததை 70 பாகை நீரில் கரைக்கவேண்டும். நம் ஆவரசம் பட்டையிலும் இதே குடும்பத்துத் தனின் உண்டு. சாறெடுத்துச் சோதித்துப் பார்க்க ஏற்ற பொருள்தான். ஆனால் அதன் தனின் வீதத்தை அளக்காமல் கெப்ராச்சோவின் கிராமுக்குக் கிராம் ஈடாக எடுக்காதீர்கள்.

பாத்திரம் கழுவும் திரவம், சோடியம் டொடெசைல் சல்பேற்று போன்றவை வேண்டாம். அவை நன்றாக நுரைக்கும். சல்பேற்று எசுத்தர் 150 பாகை அமிலத்தில் நீர்ப்பகுப்படைந்து போய்விடும். மிஞ்சுவது கொழுப்பு அற்ககோல்.

தண்ணீரும் பாத்திரமும்

கிணற்றுத் தண்ணீர் கூடாது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் குளோரைட்டும் கல்சியமும் கூடுதல். குளோரைட்டு துருவேறா உருக்கைக் குழிகுழியாகத் தின்னும். கந்தகம் எவ்வளவு வந்தது என்ற கணக்கையும் கெடுக்கும். கல்சியம் சூட்டில் ஜிப்சமாகக் குளிர்ச்சுருளின் மேல் படியும். அயன் நீக்கிய நீரையே எடுங்கள்.

ஒட்டோகிளேவ் தைத்தேனியமாக இருக்கட்டும். தைத்தேனியத்தைப் பற்றி இரண்டு விடயம் மறக்கவே கூடாது. ஒன்று, ஒட்சியேற்றி எதுவும் இல்லாத சூடான சல்பூரிக் அமிலத்தில் அதன் காப்புப் படலம் கரைந்துவிடும். பெரிக்கு இரும்போ ஒட்சிசனோ உள்ளே போகமுன் சூடேற்றாதீர்கள். இரண்டு, தூய ஒட்சிசனில் தைத்தேனியம் தீப்பற்றி எரியும் உலோகம். உள்ளே கீறல் விழுந்த பாத்திரத்தில் உலர் ஒட்சிசனை உயர் அமுக்கத்தில் ஒரேயடியாகத் திறப்பது ஆபத்து. வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும், உள்ளே நீராவி இருக்கவேண்டும். ஒட்சிசன் குழாயிலும் இணைப்பிலும் எண்ணெய், கிறீஸ் ஒரு துளியும் படக்கூடாது. கையுறையில் இருக்கும் எண்ணெயும் எண்ணெய்தான்.

எடுக்கும் அளவுகள்

நாகம் 50 வீதம், இரும்பு 5 வீதம் உள்ள செறிதாது என்று வைத்துக்கொள்வோம். 90 வீதம் 44 மைக்ரோமீற்றருக்குக் கீழே வரும்படி அரைத்திருக்கவேண்டும். அரைத்ததை 60 பாகைக்கு மேல் காயவைக்காதீர்கள்; நம் ஈரக்காற்றில் திறந்தும் வைக்காதீர்கள். ஒட்சியேறிய மேற்பரப்பு முதல் பத்து நிமிடத்தின் முடிவைப் பொய்யாக்கும்.

ஒரு லீற்றர் கரைசலுக்கு 100 கிராம் செறிதாது. அதிலுள்ள 50 கிராம் நாகத்துக்கு அமிலத் தேவை 75 கிராம். இரும்புக்கும் ஈயத்துக்கும் இன்னும் பத்துக் கிராமளவு போகும். பெரசு பெரிக்கு ஆகவும் அமிலம் செலவாகும். முடிவில் லீற்றருக்கு 20 கிராமளவு மிஞ்சவேண்டும் என்பதற்காக 110 கிராம் எடுக்கிறோம். 98 வீத அமிலத்தில் அது 61 மில்லிலீற்றர்.

இரும்பு 2 கிராம் வரும்படி பெரிக்கு சல்பேற்று. இதன் நீரேற்றம் புட்டிக்குப் புட்டி மாறும். லேபிளில் உள்ள இரும்பு வீதத்தைக் கொண்டே நிறுங்கள்.

லிக்னோசல்பனேற்று 10 கிராமை ஒரு லீற்றராக்கி இருப்புக் கரைசல் செய்யுங்கள். அதில் 20 மில்லிலீற்றர் எடுத்தால் லீற்றருக்கு 0.2 கிராம், அதாவது ஒரு தொன் தாதுவுக்கு 2 கிலோ. இந்தக் கரைசலில் மரச்சீனியும் இருப்பதால் நம்மூர் வெக்கையில் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஒரு கிழமைக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

ஒட்சிசனையும் கணக்குப் பாருங்கள். நாகத்துக்கு மட்டும் 12.2 கிராம் வேண்டும். மேலே மிஞ்சும் ஒரு லீற்றர் வெளியில், 150 பாகையில் 700 கிலோபஸ்கால் ஒட்சிசன் நின்றாலும் அது 0.2 மூல், 6.4 கிராம்தான். ஒருமுறை நிரப்பிவிட்டு மூடினால் பாதித் தாதுவோடு தாக்கம் நின்றுவிடும். அதைப் பார்த்துச் சர்பெக்டன்ற் போதவில்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. ஒழுங்காக்கி வழியே ஒட்சிசன் தொடர்ந்து வந்தபடி இருக்கவேண்டும்.

ஓட்டும் முறை

இங்கே வரிசை மாறக்கூடாது.

1. 380 மில்லிலீற்றர் நீரில் 20 மில்லிலீற்றர் இருப்புக் கரைசலை விட்டுக் கலக்குங்கள். பிறகு செறிதாதுவைத் தூவி 10 நிமிடம் கலக்குங்கள். மிதவை முறையில் வந்த செறிதாது தண்ணீரை வெறுத்து மேலே மிதக்கும். சர்பெக்டன்ற் கரைசலில் அது அமிழ்ந்து நனைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

2. வேறு முகவையில் 500 மில்லிலீற்றர் நீருக்குள் 61 மில்லிலீற்றர் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு ஆறவையுங்கள். பெரிக்கு சல்பேற்றை அதில் கரைத்து 600 மில்லிலீற்றர் ஆக்குங்கள்.

3. தாதுக்குழம்பை ஒட்டோகிளேவில் ஊற்றி, புகைக்கூண்டுக்குள் வைத்தே ஆறிய அமிலக் கரைசலைச் சேர்த்து உடனே மூடுங்கள். அமிலம் பட்ட சல்பைட்டு ஐதரசன் சல்பைட்டைவிடும். அதிகமானால் மூக்கு மரத்து, அந்த மணமே தெரியாமல் போகும். மணத்தை நம்பி வேலை செய்யாதீர்கள்.

4. குளிராக இருக்கும்போதே ஒட்சிசனை ஏற்றி இறக்கி மூன்று தடவை காற்றை வெளியேற்றுங்கள். 30 பாகையில் அடைபட்ட காற்றின் நைதரசன் 150 பாகையில் ஏறத்தாழ 110 கிலோபஸ்கால் ஆகி, அமுக்கமானியில் ஒட்சிசன் வேடம் போடும்.

5. 50 முதல் 100 கிலோபஸ்கால் ஒட்சிசனை உள்ளே விட்டு, நிமிடத்துக்கு 800 சுற்றில் கலக்கியபடி சூடேற்றுங்கள். இந்தச் சிறிய அளவு ஒட்சிசன் ஐதரசன் சல்பைட்டை அடக்கும், தைத்தேனியத்தையும் காக்கும்.

6. 148 பாகை வந்ததும் ஒட்சிசனை மெதுவாகத் திறந்து மொத்த அமுக்கத்தை மானியில் 1075 கிலோபஸ்காலுக்குக் கொண்டுவாருங்கள். 150 பாகையில் நீராவியின் தனியமுக்கம் 476; ஒட்சிசன் 700; வளிமண்டலம் 101ஐக் கழித்தால் அந்த எண் வரும். இதுவே நேரம் பூச்சியம்.

7. முதல் கால் மணி நேரம் வெப்பநிலையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். 50 கிராம் நாகம் கரையும்போது வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 180 கிலோஜூல். குளிராக்காவிட்டால் ஒரு லீற்றர் குழம்பை 40 பாகைக்கு மேல் உயர்த்த அது போதும். 159ஐத் தாண்டினால் கந்தகம் தாராகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சூடாக்கியை நிறுத்தி, குளிர்ச்சுருளைத் திறந்து வையுங்கள்.

8. 0, 10, 20, 40, 60, 90 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். உறிஞ்சு குழாயின் நுனியில் 5 மைக்ரோமீற்றர் வடி இருக்கட்டும். முதல் 5 மில்லிலீற்றரை ஊற்றிவிட்டு அடுத்த 10ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நைதரசனால் பின்னோக்கித் தள்ளிக் குழாயை வெறுமையாக்குங்கள். வெளியே நிற்கும் குழாயில் கந்தகம் உறைந்தால் மெல்லிய கம்பியாலும் திறக்க முடியாது.

9. முடிவில் ஒட்சிசனைப் பூட்டுங்கள், கலக்கியை நிறுத்தாதீர்கள். 120இலிருந்து 100 பாகைக்கு இறங்கும்போதுதான் கந்தகம் உறைகிறது. அந்த நேரம் கலக்கி நின்றால் அடியில் ஒரே கட்டியாகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். 70 பாகைக்கு வந்தபின், வாயுவைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் வழியாக வெளியேற்றித் திறக்கலாம்.

சர்பெக்டன்றை முதலாம் படியிலேயே தாதுவோடு சேர்ப்பதன் காரணத்தை ஒடியற்கூழ் காய்ச்சத் தெரிந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் கூழில் விடுவோம். கொதிக்கிற பானையில் மாவை நேரே கொட்டினால் கட்டிபடும். பிறகு எவ்வளவு துழாவினாலும் உள்ளே பச்சை மா அப்படியே கிடக்கும். கந்தகம் உருகித் தாதுவைச் சுற்றிக்கொண்ட பின் சர்பெக்டன்றை ஏற்றினால் அது கட்டியின் வெளிப்புறத்தில் மட்டும்தான் ஒட்டும். கெப்ராச்சோவாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: தனினும் பெரிக்கு இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும், அதனால் தனினில் ஒரு பங்கு வீணாகும். தாதுவின் மேல் அது முதலில் ஒட்டட்டும்.

மின் தடைப்பட்டால்

கலக்கியையும் வெப்பமானியையும் மின்சேமிப்போடு இணைத்து வையுங்கள். கலக்கி நின்றுவிட்டால் முதல் வேலை ஒட்சிசனைப் பூட்டுவது, அடுத்து குளிர்ச்சுருள். மின் வந்ததும் முழு வேகத்தில் சுற்றவிடாதீர்கள். மேலே ஒட்சிசன் தேங்கி, கீழே தாது தேங்கி நிற்கிறது. இரண்டையும் திடீரென்று கலந்தால் வெப்பநிலை எகிறும். மெதுவாகத் தொடங்கி, வெப்பநிலை நிலைத்த பின் ஒட்சிசனைத் திறவுங்கள். அந்த ஓட்டத்தின் முடிவை ஒப்பீட்டில் சேர்க்கவேண்டாம்.

மீதியைப் படித்தல்

பலரும் கரைசலில் உள்ள நாகத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சர்பெக்டன்ற் வேலை செய்ததா என்பதைச் சொல்வது திண்ம மீதி.

திறந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள். நன்றாக ஓடியிருந்தால் சாம்பல் கலந்த மங்கல் மஞ்சள் தூளும் மணல் போன்ற சிறு மணிகளும் இருக்கும். கெட்டிருந்தால் மிளகளவு, சில சமயம் அதைவிடப் பெரிய, பளபளக்கும் கறுப்பு மணிகள் இருக்கும். ஒரு மணியைக் கத்தியால் பிளந்து கைவில்லையில் பாருங்கள். மண்ணிற மஞ்சள் கந்தகத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கரையாமல் சிறைப்பட்ட தாது.

புக்னர் புனலில் வடித்து, முதலில் லீற்றருக்கு 5 கிராம் அமிலமுள்ள நீரால் கழுவி, பிறகுதான் வெறும் நீரால் கழுவுங்கள். நேரே நீர் விட்டால் இரும்பு வீழ்படிந்து வடிதாளை அடைக்கும். 50 பாகையில் காயவையுங்கள். காய்ந்ததை 150 மைக்ரோமீற்றர் அரிதட்டில் ஈரமாக அரித்து, மேலே நிற்பதையும் கீழே போவதையும் தனித்தனியே நிறுத்து, இரண்டிலும் நாகத்தை அளவிடுங்கள்.

மேலே நின்ற மணிகளில் நாகம் பலமடங்கு கூடுதலாக இருந்தால் கந்தகம் தாதுவை மூடியிருக்கிறது. சர்பெக்டன்ற் போதவில்லை, அல்லது பிந்திப் போயிருக்கிறது, அல்லது வெப்பநிலை எல்லை தாண்டியிருக்கிறது. இரண்டிலும் நாகம் ஒரே அளவில் மிஞ்சியிருந்தால் சர்பெக்டன்றில் குற்றமில்லை. அப்போது கரைசலைக் கேளுங்கள். அமிலம் தீர்ந்துபோயிருந்தால் அமிலக் குறை. அமிலம் இருந்தும் இரும்பு பெரும்பாலும் பெரசாகவே நின்றால் ஒட்சிசன் போதவில்லை, அல்லது கலக்கல் போதவில்லை. இரும்பு பெரிக்காகவும் அமிலம் போதுமானதாகவும் இருந்தால் அரைப்பைத் திரும்பப் பாருங்கள். இந்த ஒரு அரிதட்டு வேலை பத்து வீண் ஓட்டங்களை மிச்சப்படுத்தும்.

மூலகக் கந்தகத்தை அளக்க, காய்ந்த மீதியைச் சொக்ஸ்லெற் கருவியில் தொலுயீனால் பிரித்தெடுங்கள். காபனிருசல்பைட்டு வேகமாகக் கரைக்கும். ஆனால் சூடான தகட்டில் பட்டாலே பற்றக்கூடியது, நம் வெக்கைக்குச் சரிவராது. 50 கிராம் நாகத்துக்கு உரிய கந்தகம் 24.5 கிராம், இரும்புச் சல்பைட்டுப் பங்கு இன்னும் 3 கிராமளவு. அதில் ஒரு சிறு பங்கு சல்பேற்றாகப் போயிருக்கும்.

கரைசல் நாகத்துக்கு ஈ.டி.ரி.ஏ நியமிப்புப் போதும். 10 மில்லிலீற்றரை 250 ஆக்கி, அதில் 25ஐ எடுத்து, பெரிக்கு இரும்பைப் புளோரைட்டாலும் செம்பைத் தயோசல்பேற்றாலும் மறைத்து, பி.எச் 5.5இல் சைலினோல் ஒரேஞ்ச் சேர்த்து, 0.05 மூலர் ஈ.டி.ரி.ஏயால் நியமியுங்கள். முழு நாகமும் கரைந்திருந்தால் 15.3 மில்லிலீற்றரளவு செலவாகும். கட்மியமும் சேர்ந்தே அளவிடப்படும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

சரியான அளவைக் கண்டுபிடித்தல்

இருப்புக் கரைசலில் 0, 5, 10, 20, 50 மில்லிலீற்றர் என்று ஐந்து ஓட்டம் செய்யுங்கள். நீரைக் குறைத்து மொத்தக் கனவளவை மாற்றாமல் வையுங்கள். பூச்சிய ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். சர்பெக்டன்ற் இல்லாமல் கரைதல் முதலில் விரைவாக ஏறி, தாது நிறைய மிஞ்சியிருக்கும்போதே படுத்துவிடும். அந்த வளைகோடு கையில் இருந்தால்தான் மற்றவற்றுக்குப் பொருள் உண்டு. ஒட்சிசன் உருளைக்கும் ஒட்டோகிளேவுக்கும் இடையில் ஒரு சிறு சேமிப்புக் கலம் வைத்து அதன் அமுக்க இறக்கத்தைக் குறித்தால், மாதிரி எடுக்காமலே தாக்கம் எப்போது தளர்கிறது என்று தெரியும்.

பெரும்பாலும் 0.1 முதல் 0.2 வரை போதும். அதற்கு மேல் போட்டாலும் கரையும் நாகம் அதிகரிக்காது. ஆனால் இன்னும் நுண்ணிதாக அரைத்தால் மேற்பரப்பு பெருகும். துணிக்கை பாதியானால் பரப்பு இரட்டிக்கும். அப்போது பழைய அளவு போதாது. தாதுவின் வீதத்தைக் கூட்டினாலும் அப்படியே. ஆகவே லீற்றருக்கு எவ்வளவு என்பதோடு தொன்னுக்கு எத்தனை கிலோ என்பதையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

கூட்டிப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். முதலில் நுரை. வெளியேறு குழாய்க்குள் குழம்பு ஏறி வால்வில் உறையும். அடுத்தது, கரைசலிலிருந்து நாகத்தை உலோகமாகப் படியவைக்கும் மின்பகுப்பு: கரைசலில் மிஞ்சும் சேதனப் பொருள் நாகம் படிவதன் மின்னோட்டத் திறனைக் குறைக்கும். கரைசல் தேநீர் நிறத்தில் இருந்தால் மொத்தச் சேதனக் காபனை அளக்காமல் மின்பகுப்புக்கு அனுப்பவேண்டாம்.

இன்னொரு பக்கம், லிக்னோசல்பனேற்று இந்தச் சூட்டிலும் ஒட்சிசனிலும் நிலைத்து நிற்பதில்லை; ஓடஓடச் சிதைகிறது. 90 நிமிடத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில் பாதியை முதலிலும் மீதியை 30ஆவது நிமிடத்தில் உயரமுக்கப் பம்பினாலும் செலுத்திப் பாருங்கள். ஆலைகளின் ஒட்டோகிளேவ் படுக்கையான நீண்ட கலம், உள்ளே அறை அறையாகத் தடுப்பு. தாக்கத்தின் பெரும்பங்கு முதல் அறையிலேயே முடியும். சர்பெக்டன்ற் ஊட்டக் குழம்போடு போகும். தேவையானால் ஒரு பங்கைப் பின் அறைகளுக்கும் பிரித்துவிடலாம். உங்கள் இரண்டு தவணை ஓட்டம் அதன் சிறு வடிவம்.

செம்புத் தாது என்றால்

சல்கோபைரைற்றுக்கு மேலே சொன்ன அளவை அப்படியே எடுத்துப் போட்டால் ஏமாற்றம்தான். அது மெதுவாகக் கரைவது. அது முடியுமுன் லிக்னோசல்பனேற்று சிதைந்துவிடும். 150 பாகையில் அதை ஒப்பேற்ற மூன்று வழி உண்டு. 80 வீதம் 10 மைக்ரோமீற்றரளவுக்குக் கீழே வரும்படி மிக நுண்ணிதாக அரைத்துச் சர்பெக்டன்றும் சேர்ப்பது ஒன்று. கரைசலில் லீற்றருக்கு 12 கிராமளவு குளோரைட்டு வைத்து ஓட்டுவது இன்னொன்று. தொன்னுக்கு 25 கிலோவளவு தரங்குறைந்த நிலக்கரித் தூள் சேர்ப்பது மூன்றாவது. நிலக்கரியும் உருகிய கந்தகத்தைப் பிரித்துவைக்கும். லிக்னோசல்பனேற்றை விட நீடித்து நிற்கும். ஒதோ-பீனலீன் இருஅமீன் செம்புக்கு நன்றாக வேலை செய்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விடயம், ஆனால் அது நச்சு. மாணவர் ஆய்வுகூடத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். சேருவிலத் தாது போன்ற ஒன்றோடு தொடங்குபவர் நுண் அரைப்பிலிருந்து தொடங்கட்டும்.

கழிவு

இந்தப் பகுதியைக் கடைசியில் எழுதினாலும் ஓட்டம் தொடங்குமுன்னரே ஆயத்தம் செய்யுங்கள். நமக்குக் குடிக்கப் பெரும்பாலும் இருப்பது சுண்ணக்கல் வெடிப்புகளில் தேங்கும் நீர்தான். முற்றத்தில் ஊற்றியது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்ச்சேரும். ஒரு ஓட்டத்தின் கரைசலில் 50 கிராம் நாகமும், தாதுவில் இருந்த அளவுக்குக் கட்மியமும் உண்டு. தொட்டியிலும் ஊற்றக்கூடாது, அடிவளவிலும் ஊற்றக்கூடாது.

ஒரு லீற்றருக்கு 20 கிராம் சுண்ணக்கல் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டால் மிஞ்சிய அமிலம் அடங்கும். ஒரேயடியாகக் கொட்டினால் காபனீரொட்சைட்டோடு குழம்பு வழிந்துவிடும். பொங்குவது அடங்கியபின் நீறிய சுண்ணாம்பு: நாகத்துக்குக் கணக்குப்படி 57 கிராம், நடைமுறையில் 65 முதல் 70 வரை போகும். பி.எச் 9.5க்கு வந்ததும் ஒரு மணி நேரம் கலக்கி, ஓர் இரவு நிற்கவிட்டு வடியுங்கள். 11ஐத் தாண்டவிடாதீர்கள்; நாக ஐதரொட்சைட்டு காரத்தில் திரும்பக் கரையத் தொடங்கும். கட்மியம் முழுதாக இறங்க இந்தப் பி.எச் போதாமல் போகலாம். ஆகவே வடிநீரில் நாகத்தையும் கட்மியத்தையும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளந்து பார்க்காமல் எங்கும் விடாதீர்கள். வடிதாளில் நிற்கும் சேறு மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளிக்குப் போகவேண்டும். கந்தக மீதி வேறு வாளிக்கு, ஈரமாகவே. இரண்டிலும் திகதியையும் உள்ளிருக்கும் உலோகங்களையும் அழியாத மையால் எழுதி, மழை படாத இடத்தில், சீமெந்துத் தரையில் வையுங்கள்.